கிழங்குக்கு மேலே ஊற்றியது

"ஒண்ணு எங்க மிஷின் பொய் சொல்லணும். இல்லேன்னா உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லணும்."

டாக்டர் போனில் சொன்னது இவ்வளவுதான். போன வாரம் முழுக்க தூரித் இதைக் காதில் வைத்துக்கொண்டே சமைத்தாள், துவைத்தாள், படுத்தாள். டாக்டரைக் குறை சொல்ல முடியாது. டென்மார்க்கிலிருந்து ஆறு மாத வேலைக்கு வந்திருக்கிற பிள்ளை. ஃபாரோ தீவுகளில் எங்களுக்கு வாய்க்கிற டாக்டர்கள் பாதிப்பேர் அப்படித்தான்; பனி இறங்குவதற்குள் திரும்பிப் போய்விடுவார்கள்.

ஆனி மாதக் கடைசியில் தூரித்தின் புருஷன் ரெகின் படகுத் துறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், ஹெலிகாப்டர் வந்து அவனைத் தூக்கிப்போனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: இருதயக் குழாயில் அடைப்பு, வயது ஐம்பத்து நாலு, கறியை அடியோடு விட்டால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பில் ஏறுவது கேரட், நூல்கோல், பார்லி, அவரைக்கொட்டை. ஆட்டுக்கறி இல்லை, கடல்பறவை இல்லை, திமிங்கலம் இல்லை. மீனைக்கூட நிறுத்திவிட்டாள் தூரித். உருளைக்கிழங்கை வேகவைத்துக் கடை எண்ணெயைத் தெளித்துத் தட்டில் வைப்பாள். ரெகின் மருந்து விழுங்குகிற முகத்தோடு சாப்பிடுவான். ஊரே சிரித்தது, ஆட்டுக்காரன் ஆட்டுத் தீவனம் தின்கிறான் என்று. அவள் சிரிக்கிறவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு ரத்தத்தில் கொழுப்பு ஒரு துளி இறங்கவில்லையாம்.

வீட்டுக்குப் பின்னால் காற்றுக்கொட்டகையில் போன வருடத்து ஆட்டுத் தொடை ஒன்று தொங்கியது. அது நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு வந்தது. அதையும் தூரித் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது அவளுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. தனக்கு முன்னால் கேரட்டைக் கடித்துவிட்டுப் பின்னால் போய்க் கறியை மென்றுகொண்டிருக்கிறான், சாகத் துணிந்த மனுஷன்.

*

இன்றைக்கு ஆடு அடிக்கிற நாள்.

மலையிலிருந்து நேற்றே ஓட்டி வந்து கல்பட்டியில் அடைத்தாகிவிட்டது. விடிகிற நேரத்தில் தூரித் கண் விழித்தபோது பக்கத்தில் ரெகின் இல்லை. ஜன்னலில் பார்த்தால் ஊரைக் காணோம், அப்படி ஒரு மூடுபனி. கொட்டகையில் மட்டும் ஒரு விளக்கு மினுங்கியது.

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கினாள்.

காற்றுக்கொட்டகையின் சுவர்கள் இடைவெளி விட்டு அடித்த பலகைகள். கடல்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். அதில்தான் கறி புளித்துக் காய்கிறது. காற்று போகும்போது பலகைகள் முனகும். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்தான், ஆனாலும் இன்று ஒரு கணம் நின்று கேட்டாள்.

பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். ரெகின் கத்தியால் தொடையிலிருந்து ஒரு துண்டு சீவினான். மெல்லிய துண்டு, கறுத்த சிவப்பு. வாயில் போடப் போகிறான் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் போடவில்லை. மூலையில் ஒரு பழைய முக்காலி கிடந்தது. செத்துப்போன அவனுடைய அப்பா சக்கரிஸ் உட்கார்ந்து தோல் உரித்த முக்காலி. அதன் முன்னால் ஒரு வெட்டுப்பலகை. துண்டை அந்தப் பலகையில் வைத்தான். தொப்பியைக் கழற்றினான்.

"சாப்பிடுங்கப்பா" என்றான்.

தூரித்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து."

"நீ சாப்பிடலையா?"

"நான் எங்க சாப்பிட்டேன்? மோந்துகூடப் பாக்கல. வேணும்னா அந்த டாக்டரைக் கூப்பிட்டு என் வாயைத் திறந்து பாக்கச் சொல்லு."

பொய் சொல்லும்போது ரெகினுக்குக் காது சிவக்கும். இப்போது சிவக்கவில்லை. முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதும். ஆனால் அவன் அடுத்துச் சொன்னதுதான் அவளை உலுக்கியது. தினம் காலையில் ஒரு துண்டு வைக்கிறானாம். மறுநாள் வந்து பார்த்தால் பலகை துடைத்துவிட்ட மாதிரி இருக்குமாம். எங்கள் தீவில் எலி கிடையாது. அண்டங்காக்கை அந்த இடுக்கில் நுழையாது. பூனை நுழைந்தால் தொடையை அல்லவா குதறியிருக்கும்?

"அப்ப யாரு எடுக்கறா?" என்று கேட்டாள்.

"நீயே சொல்லு."

தூரித்துக்கும் சக்கரிஸ் போன ராத்திரி ஞாபகம் வந்துவிட்டது.

அவள் மருமகளாக அந்த வீட்டுக்கு வந்த வருடம் அது. சக்கரிஸுக்கும் இதே நெஞ்சுநோய்தான். அப்போதிருந்த டாக்டரும் கறியை விடச் சொன்னார். மனுஷன் சொன்ன சொல் தவறாமல் ஒரு வருடம் வாயைக் கட்டினார். இதே போல ஆடு அடித்த ஒரு நாளில், எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கறி சாப்பிட, தன் தட்டில் கிழங்கோடு மட்டும் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கத்தில் இருந்தவன் ரெகின். அவனுடைய தட்டைப் பார்த்தபடியே அவர் கண் நின்றுபோயிருந்தது. மூடப் பார்த்தார்கள், மூடவில்லை.

ரெகின் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

"இன்னிக்கு ராத்திரி நான் கறி சாப்பிடப் போறேன், தூரித். இனிமே தினமும் சாப்பிடுவேன். அவரும் விட்டாரு. என்ன ஆச்சு? பசியோட போனாரு, இன்னும் பசியோடதான் இங்க சுத்திக்கிட்டு இருக்காரு. நானும் செத்து அவர் பக்கத்துல பசியோட நிக்கணுமா?"

அவள் கெஞ்சினாள். அழுதாள் என்றே சொல்லலாம். அவன் கோபப்படவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. முடிவெடுத்துவிட்ட ஆள் பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசிவிட்டு, கல்பட்டிக்குக் கிளம்பிவிட்டான். இன்று ராத்திரிக்குள் அவன் மனத்தை மாற்ற வேண்டும், எதைச் சொல்லி மாற்றுவது என்று தெரியாமல் தூரித் அந்த முக்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

மதியம் வரைக்கும் நிற்க நேரமில்லை. ஆண்கள் அடித்து உரித்தார்கள். பெண்கள் ரத்தத்தைக் கிண்டி ஆற்றினார்கள், குடலைக் கடல் தண்ணீரில் அலசினார்கள். குடல் கொழுப்பை மட்டும் தனியாக வழித்துத் தொட்டியில் போட்டு, தூரித் அதை மார்யுன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

மார்யுன் ரெகினின் அக்கா. புருஷன் போனதிலிருந்து தனிக்கட்டை. வீடு கல்பட்டிக்கு ஒட்டினாற்போல் இருப்பதால், ஆட்டு வேலையாக வருகிற ஆண்பிள்ளைக்குத் தினமும் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். சக்கரிஸ் காலத்திலிருந்து அது பழக்கம். ரெகினுக்கு நெஞ்சுவலி வந்தபின் மார்யுன் ஒரு நாள்கூடத் தம்பிக்குக் கறி வைத்தது கிடையாது. வேகவைத்த கிழங்குதான் தருகிறேன் என்று தூரித்தின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறாள். மார்யுன் சத்தியம் பண்ணினால் கல்லில் செதுக்கிய மாதிரி. அதில் தூரித்துக்கு இம்மியும் சந்தேகம் இல்லை.

கொழுப்புப் பிசைவதில் மார்யுனை மிஞ்ச ஆள் கிடையாது. குடல் கொழுப்பை ஆறவைத்து, பிசைந்து பிசைந்து உருண்டையாக்கிக் கொட்டகையில் தொங்கவிடுவாள். மாதக்கணக்கில் காற்றில் புளித்த பிறகு, வேண்டும்போது ஒரு துண்டை வெட்டி வெங்காயத்தோடு வாணலியில் உருக்கி, சுடச்சுடக் கிழங்குக்கு மேலே ஊற்றுவது. எங்கள் பக்கத்தில் இது இல்லாமல் கிழங்கு இறங்காது. டேனிஷ்காரன் கிழங்குக்கு உப்புப் போடுகிற மாதிரி நாங்கள் இதை ஊற்றுகிறோம்.

உள்ளே நுழைந்ததும் வெங்காய வாசனை. மேஜையில் ரெகினின் நீலக்கரைத் தட்டு, அதில் ஆவி பறக்கும் கிழங்கு. மார்யுன் வாணலியைச் சாய்த்தாள். பொன்னிறமாக ஒரு கரண்டி. அது போதாதென்று இன்னொரு கரண்டி.

தூரித்தின் கையிலிருந்த தொட்டி நழுவித் தரையில் உட்கார்ந்தது.

"அண்ணி, என்ன ஊத்துறீங்க?"

"என்னடி கேள்வி இது? கிழங்குக்கு ஊத்துறது."

"தினமும் ஊத்துறீங்களா?"

"ஊத்தாம வெறுங்கிழங்கையா குடுப்பேன்? கறிதான் இல்லன்னு ஆயிடுச்சு, இதாவது ரெண்டு கரண்டி கூட இருக்கட்டுமேன்னுதான். முகத்தைப் பாத்தியா, எப்படி வாடிப்போச்சு புள்ளைக்கு."

அப்பாவியாகச் சொன்னாள். கறியை விடச் சொன்ன டாக்டர் கறி என்று மட்டும்தான் சொன்னார். கிழங்குக்கு மேலே இப்படி ஒன்றை ஊற்றுகிற ஜனம் பூமியில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தூரித் தன் அடுக்களையில் அதை நிறுத்தியிருந்தாள், ஆனால் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. ரெகினும் அதைச் சொல்லத் தக்க விஷயமாக நினைக்கவில்லை. மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் கிழங்கு என்பான். அதில் பொய் ஏது?

மிஷினும் பொய் சொல்லவில்லை, மனுஷனும் பொய் சொல்லவில்லை. தூரித்துக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இதை ரெகினிடம் போய்ச் சொன்னால் முடிந்தது.

அப்போது மார்யுன், தொட்டிக் கொழுப்பில் கையை விட்டுப் பிசைய ஆரம்பித்தபடி, பழைய ஞாபகத்தில் பேசிக்கொண்டு போனாள்.

"அப்பாவுக்கும் இப்படித்தான் ஊத்துவேன். பாவம், கடைசி வருஷம் அந்த மனுஷனுக்கு வேற என்ன சந்தோஷம் இருந்தது? தட்டை வழிச்சு நக்கிட்டுத்தான் எழுந்திருப்பாரு. அன்னிக்கு ராத்திரி அவர் தட்டுல இருந்த கிழங்குக்குக்கூட நான்தான் ஊத்தினேன்."

வாசல் பக்கம் திரும்பிய தூரித் அப்படியே நின்றுவிட்டாள்.

மத்தியானம் மகள் வீட்டிலிருந்து திரும்புகிற மாமனாரின் மீசையில் வெங்காயமும் கொழுப்புமாக வாசனை அடிக்கும். புது மருமகள் அவள், அதைப் பற்றி ஒன்றும் யோசித்ததில்லை. இன்று யோசித்தாள். சக்கரிஸ் வாயைக் கட்டவே இல்லை. பசியோடு போகவும் இல்லை. கறியில் எதற்குப் பயந்தாரோ அதையே உருட்டி, உருக்கி, அன்பாக இரண்டு கரண்டி கூடச் சேர்த்து, ஒரு வருடம் தினந்தோறும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஊற்றியவள் பெற்ற மகள்.

தட்டு மேஜையில் ஆவி பறக்க இருந்தது. தூரித் அதை எடுத்து நாய்க்குக் கொட்டினாள். எறும்பு விழுந்துவிட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னாள். இந்த ஊரில் எறும்பா என்று மார்யுன் ஆச்சரியப்பட்டாள்.

*

மீதிப் பகல் அவளுக்கு எப்படிப் போனது என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ரெகினிடம் சொல்லாவிட்டால் அவன் ராத்திரி கறியில் கை வைப்பான். தடுக்க வேறு வழி இல்லை. அப்பா கறியை விட்டும் செத்தார் என்பது ஒன்றுதான் அவன் பிடித்துக்கொண்டிருக்கிற கொம்பு. சொன்னால் அவன் பிழைப்பான். மார்யுன் என்ன ஆவாள்? அப்பாவைத் தன் கையால் அனுப்பினேன் என்று தெரிந்தபின் அந்தப் பெண்பிள்ளை எப்படித் தூங்குவாள்? தனியாக அழைத்து ரெகினிடம் மட்டும் சொல்லலாம் என்று மூன்று தடவை கல்பட்டிக்குப் போனாள். மூன்று தடவையும் சுற்றி ஆட்கள்.

இருட்டத் தொடங்கும்போது மேஜை போட்டாயிற்று. ஆடு அடித்த நாளில் எங்கள் வீடுகளில் மாவும் உலர்ந்த திராட்சையும் அடைத்துச் சுட்ட ஆட்டு இருதயம்தான் சாப்பாடு. வீட்டில் கத்தி பிடித்தவனுக்கு முதல் இருதயம். மார்யுன் சுட்டு, துணி மூடிக் கொண்டுவந்தாள். மூன்று பேர்தான். ரெகின் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். அதுவரை அதில் அவன் உட்கார்ந்ததே இல்லை.

பேசாமல் ஒன்றை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டான்.

மார்யுன் தூரித்தைப் பார்த்தாள். இன்றைக்கு ஒரு நாள்தானே, விட்டுவிடேன் என்று மெதுவாகச் சொன்னாள். இன்றைக்கு மட்டுமில்லை என்றான் ரெகின். அப்பா வருடம் முழுக்கப் பட்டினி கிடந்து கண்ட பலனை நானும் காண வேண்டாம் என்றான். முள்கரண்டியால் குத்தி வாய்க்குக் கொண்டுபோனான்.

"அப்பா பட்டினி கிடக்கல" என்றாள் தூரித்.

கரண்டி நின்றது.

"தினம் மத்தியானம் உனக்குக் கிழங்குக்கு மேல எதை ஊத்துறாங்களோ, அதைத்தான் அவருக்கும் ஊத்தினாங்க. ஒரு வருஷம் முழுக்க ஊத்தினாங்க. அவர் எதையும் விடல, ரெகின். விட்டோம்னு நினைச்சுக்கிட்டுப் போயிட்டாரு. நீயும் அப்படித்தான் போவே."

ரெகின் சிரிக்கப் பார்த்தான். அது கறியா என்று கேட்டான். கறியைவிட மோசம் என்றாள் அவள். கறியிலாவது சதை இருக்கும், அது முழுக்கக் கொழுப்பு, டாக்டர் உன் ரத்தத்தில் பார்த்தது அதைத்தான் என்றாள். சொல்லும்போது அவள் மார்யுன் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

ரெகின் இருதயத்தைக் கரண்டியோடு தட்டில் வைத்து, தட்டைத் தள்ளினான். நூல்கோல் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தூரித் இத்தனை நாள் வேண்டிக்கிடந்தது அதற்குத்தான். இப்போது பார்க்கச் சந்தோஷமாக இல்லை.

"அன்னிக்கு ராத்திரி நிறைய ஊத்தினேன்" என்றாள் மார்யுன். யாரிடமும் சொல்லவில்லை, தன் கைகளிடம் சொன்ன மாதிரி இருந்தது. "எல்லாரும் கறி சாப்பிடறப்ப அவர் முகத்தைப் பாக்க முடியல எனக்கு. அதான்."

எழுந்துபோய் அடுக்களைத் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். பிசைந்த கொழுப்பு நகக்கண்ணில் இருந்திருக்க வேண்டும். சோப்புப் போட்டு, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினாள். அக்கா, உனக்குத் தெரியாது அக்கா என்று ரெகின் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. துடைக்காமல், சால்வை எடுக்காமல் வெளியே போனாள்.

வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தார்கள். கொட்டகைக் கதவு சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் ஓடினார்கள். கதவு உள்பக்கம் கட்டையிட்டு அடைத்திருந்தது. பலகை இடுக்கில் தூரித் கண்ணை வைத்தாள். புதிதாகத் தொங்கவிட்ட ஆடுகள் அரையிருட்டில் வெள்ளையாகத் தெரிந்தன. அவற்றின் நடுவில், முக்காலிக்கு முன்னால், மார்யுன் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் ரெகின் துண்டு வைத்த பலகை காலியாக இருந்தது.

"ஏம்ப்பா வேண்டாம்னு சொல்லல?" என்று கேட்டாள்.

சற்று நிறுத்தினாள். காற்று பலகைகளில் முனகிவிட்டு ஓய்ந்தது.

"சரிப்பா" என்றாள். மறுபடி நிறுத்தினாள். "இல்லப்பா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சா ஊத்துவேனா?"

பதில் வருவதற்கு இடம் விட்டு, வந்ததும் தலையாட்டி, அப்புறம் பேசுகிற பேச்சு. போனில் பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ரெகின் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"தினம் காலையில வந்து நின்னேனே" என்று அவள் காதில் சொன்னான். "என்கிட்ட அவர் ஒரு வார்த்தை பேசினதில்ல, தூரித்."

அவர்கள் விளக்கு எடுத்து வரவில்லை. சத்தம் போடவும் இல்லை. மூடுபனியில் கொட்டகைக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று உள்ளே இருப்பவளுக்குத் தெரிய வழியே இல்லை.

"தூரித்தா?" என்றாள் உள்ளே மார்யுன், திரும்பிப் பார்க்காமல். "வெளியிலதான்ப்பா நிக்கிறா. உள்ள வரச் சொல்லவா?"